ஐந்தாம் நாற்காலியிலிருந்து பார்த்தது

பெர்ம்,
12 நவம்பர் 1999

மதிப்பிற்குரிய ஜோயா பெத்ரோவ்னா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் "இரண்டாவது மதிப்பெண்" இதழின் பதினேழாவது இதழ்ப் பிரதி எங்கள் ஊர்ப் பனியரங்கத்தில் கை மாறி மாறி வந்து, நேற்று என் கைக்கும் வந்தது. கீரோவில் நடந்த காமா–வியாத்கா இளையோர் கோப்பையின் பனி நடன மதிப்பெண்களை அட்டவணையாகப் போட்டு அதன் அடியில் எழுதியிருக்கிறீர்கள்: "ஏழு நடுவர்களில் ஆறு பேர் கீரா–ரோதியோன் ஜோடியை முதலிடத்தில் வைத்தார்கள். ஐந்தாம் எண் நடுவர் மட்டும் லெஸ்யா–யேகோரை வைத்தார். அவர் பெர்ம்காரர். லெஸ்யா–யேகோரின் பயிற்சியாளரும் பெர்ம்காரர். மீதியை வாசகர்களே கூட்டிக்கொள்ளலாம்."

ஐந்தாம் எண் நடுவர் என் அம்மா.

இதை நான் குளியலறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். எழுதுவது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உங்கள் இதழ் நடுவர் ஆணையத் தலைவர் அர்காதி போரிசோவிச்சின் மேசைக்கும் போயிருக்கிறது. ஏன் எல்லோரையும் விட்டுத் தனியாக மதிப்பெண் போட்டாள் என்று டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் அம்மா எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். விளக்கம் பிடிக்காவிட்டால் வசந்த காலத்தில் நடக்கும் மேல்நிலை நடுவர் தேர்வுக்கு அவளை அனுப்ப மாட்டார்கள். பதினாறு வருடமாக அவள் நடுவராக இருக்கிறாள். அந்தத் தேர்வுக்காக நான்கு வருடமாகக் காத்திருக்கிறாள்.

அம்மா ஊர்ப்பாசத்தில் மதிப்பெண் போடவில்லை. லெஸ்யாவின் பயிற்சியாளரோடு அவளுக்குப் பேச்சே இல்லை. கீரோவிலிருந்து திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "டாங்கோ நடுவுல ரோதியோன் கீராவைத் தூக்கற அந்தத் தூக்கல்ல பையனோட கை தலைக்கு மேல போச்சு. விதிப்படி போகக் கூடாது. நான் குறைச்சேன். மத்தவங்க ஏன் குறைக்கலைன்னு எனக்குத் தெரியாது."

முழுப் போட்டியையும் பார்வையாளர் பக்கத்திலிருந்து நீங்களே ஒளிநாடாவில் பதிவு செய்ததாக இதழில் இருக்கிறது. நடுவர்கள் உட்கார்ந்தது அதற்கு எதிர்ப்பக்கம். அந்த ஒளிநாடாவின் பிரதி கிடைத்தால், அம்மா கண்டது சரி என்று காட்டிவிடலாம்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பெர்ம், 39-ஆம் எண் தபால் நிலையம், நேரில் வந்து பெறுபவர்: வர்வாரா துருகினா. எனக்குப் பதினைந்து வயது, பக்கத்திலிருக்கும் 9-ஆம் எண் பள்ளியில் படிக்கிறேன், அடையாளப் புத்தகம் இருக்கிறது, கொடுத்துவிடுவார்கள்.

வர்வாரா

---

கீரோவ்,
18 நவம்பர்

வர்வாரா,

அப்பா பெயரைச் சேர்த்துப் பெத்ரோவ்னா எல்லாம் வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. ஜோயா போதும்.

ஒரு நடுவரின் மகள் எழுதுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதுவரை எனக்கு வந்த கோபக் கடிதங்கள் மூன்று. மூன்றும் ஓய்வு பெற்ற பொறியாளர்களிடமிருந்து, மூன்றிலும் என் கூட்டல் தப்பு என்றுதான் இருந்தது. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பயப்படுகிறாய் என்று தெரிகிறது. ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மாவை நான் திட்டவில்லை. அட்டவணை சொல்வதைச் சொன்னேன். ஆறு வருடமாக, தொலைக்காட்சியிலும் அரங்கத்திலும், ஒவ்வொரு நடுவரும் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று குறித்து வருகிறேன். அட்டவணையில் அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். ஆறு விலா எலும்பு ஒரு வரிசையில் இருந்து ஏழாவது மட்டும் தள்ளி நின்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தூக்கல் பற்றி: அரங்கத்தில் இருந்தேன், அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டதைச் சொல்லட்டுமா? கீரா தலையைத் திருப்பிய அந்தக் கணத்தில் என் பக்கத்தில் இருந்த ஆள் கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டான். ரோதியோன் அவளைப் பார்த்த பார்வையில் இரண்டாயிரம் பேர் மூச்சு விடவில்லை. கலை என்றால் அதுதான். லெஸ்யா–யேகோர்? பேருந்துக்குக் காத்திருக்கும் கணவன் மனைவி. நேர்த்தியாகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குக் கலைக்கான இரண்டாவது மதிப்பெண் 5.2 என்றால், எங்கள் தெருப் பேருந்து நிறுத்தத்துக்கே 5.2 போடலாம்.

ஒளிநாடா ஒன்றுதான் இருக்கிறது. பிரதி எடுக்க இரண்டு இயந்திரம் வேண்டும், என்னிடம் ஒன்றுதான். அனுப்ப முடியாது. மன்னித்துக்கொள்.

ஜோயா

---

பெர்ம்,
23 நவம்பர்

ஜோயா,

தபால் நிலையத்து அம்மாள் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "யாருடி, ராணுவத்துல இருக்கற பையனா? கையெழுத்து நல்லாதான் இருக்கு, கட்டிக்கோ" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். வெளியே ஓடி வந்துவிட்டேன்.

கடிதத்தைப் படித்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் போவதற்குள் எழுதுகிறேன்.

நீங்கள் விலா எலும்பு என்று எழுதினீர்கள். எலும்பு யாரிடமும் பேசுவதில்லை. நடுவர்கள் பேசுவார்கள். ஆறு பேர் ஒரே இடத்தில் நின்றால் ஆறு பேரும் ஒன்றையே பார்த்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா கீரோவுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அர்காதி போரிசோவிச் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் தொலைபேசி வாசலை ஒட்டிய நடையில் இருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரல் ரிசீவரை விட்டு வெளியே வழியும். அம்மா பெயர் ரிம்மா, அவருக்கு மட்டும் ரிம்மோச்கா.

"ரிம்மோச்கா, கீரா–ரோதியோன்தான் இறுதிப் போட்டிக்குப் போகணும். எல்லார்கிட்டயும் பேசியாச்சு. முதல் மதிப்பெண் உன் இஷ்டம், யாராவது விழுந்தா ஊருக்கே தெரியும். ரெண்டாவதுல பார்த்துப் போடு. கலையை யாரு அளவுகோல் வச்சு அளக்கப் போறா?"

"பார்க்கலாம், அர்காதி போரிசோவிச்."

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

"நடனத்தைப் பார்க்க வேணாமா?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இப்போது அவரே மறுபடியும் கூப்பிட்டு, "கூட்டல்ல தப்பு பண்ணிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, மூடிடலாம்" என்கிறார். அம்மா ஒரு வரைவு எழுதி, சமையலறை மேசையில் சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். "இரு மதிப்பெண்களைக் கூட்டும்போது கவனக்குறைவால்" என்று தொடங்குகிறது. என் அம்மா இசைப்பள்ளியில் பியானோ கற்றுத் தருகிறாள். கடைக்காரி கூட்டி முடிப்பதற்குள் கூட்டிவிடுவாள். அவள் பொய் எழுதினால் தேர்வுக்குப் போகலாம். உண்மையை எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் உங்களிடம் இருக்கிறது.

பேருந்து நிறுத்தம் என்று சொன்னீர்களே. ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு நடனத்தையும் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். என்ன இசை என்று தெரிகிறதா சொல்லுங்கள். அம்மா எனக்கு அப்படித்தான் பார்க்கச் சொல்வாள். லெஸ்யா–யேகோரின் காலணிக் கத்திகள் ஒரே கோட்டில் போகும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உள்ளங்கைதான் இடம். அவ்வளவு நெருக்கத்தில் அந்த வேகத்தில் போகும்போது முகத்தில் எதையும் காட்ட நேரம் இருக்காது.

இந்தத் தொலைபேசி விஷயத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் என்னை வார்யா என்பார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

வார்யா

---

கீரோவ்,
28 நவம்பர்

வார்யா,

உன் கடிதம் வந்த அன்று வேலையில் ஒருவருடைய இடது கைக்குப் பதில் வலது கையைப் படம் எடுத்துவிட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கோப்பை அறிவித்தபோது நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் குரல் வரவில்லை. ஆறு முதலிடம்! நான் கண்டதை ஆறு பேரும் கண்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் முன்கூட்டியே பார்த்து முடித்திருந்தார்கள் என்கிறாய். அப்படியானால் நான் எதற்குக் கத்தினேன்? கீராவும் ரோதியோனும் எதற்கு ஆடினார்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். யாரும் கூப்பிடாமலே அவர்கள் ஜெயித்திருப்பார்கள். இனி அதை யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ சொன்ன சோதனையைச் செய்தேன். நானே செய்தால் ஏமாற்றிவிடுவேன் என்று, எங்கள் பிரிவுத் தாதி ஃபாயினாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பனி நடனம் என்றால் அவளுக்குச் சேனல் மாற்ற வேண்டிய நேரம். ஒலி இல்லாமல், திரையின் மேல்பாதியைத் துண்டு போட்டு மறைத்துக் காட்டினேன்.

கீரா–ரோதியோன் போனதும் கேட்டேன்: "என்ன பாட்டு?"

"பாட்டா? வீட்டுக்காரனுக்கும் குடியிருக்கறவளுக்கும் தகராறு மாதிரி இருக்கு. அவன் நிறுத்தறான், அவ ஓடறா."

அடுத்து லெஸ்யா–யேகோர். பாதிகூட ஆகவில்லை.

"வால்ஸ்தானே? ஒண்ணு ரெண்டு மூணுன்னு போகுதே. என்னடி இது, குருடிக்குப் பரீட்சையா?"

துண்டை எடுத்துவிட்டு இரண்டையும் மறுபடி காட்டினேன். எது பிடிக்குது என்றேன். "தகராறுதான்" என்றாள். ஆகவே நான் தோற்கவில்லை, நீயும் ஜெயிக்கவில்லை. ஆனால் பேருந்து நிறுத்தம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி கெட்ட செய்தி. ஃபாயினா போனபிறகு அந்தத் தூக்கலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மயிரிழை விரிசலைத் தேடுவதுதான் என் பிழைப்பு, நம்பலாம். ரோதியோனின் கை காது வரை வருகிறது. அங்கேயே நிற்கிறது. தலைக்கு மேல் போகவில்லை. கீராவின் சட்டைக் கை அகலமானது, அது மேலே பறக்கிறது. நடுவர் பக்கத்திலிருந்து, அதிலும் ஐந்தாம் நாற்காலியிலிருந்து பார்த்தால், அந்தத் துணி அவன் கை மாதிரியே தெரிந்திருக்கும்.

உன் அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் தப்பாகப் பார்த்திருக்கிறார். நீ கேட்ட ஆதாரம் உனக்கு எதிராக இருக்கிறது.

இன்னொன்று. அந்தத் தொலைபேசிப் பேச்சை அடுத்த இதழில் போடப் போகிறேன். பெயர் இருக்காது. "நம்பத்தக்க ஒருவர் காதால் கேட்டது" என்று மட்டும். இப்படி ஒரு வாக்கியத்துக்காக ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன்.

ஜோயா

---

பெர்ம்,
1 டிசம்பர்

ஜோயா, போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். அப்பா வடக்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறார், புத்தாண்டுக்குத்தான் வருவார். காதால் கேட்டவர் என்றால் அது யார் என்று அர்காதி போரிசோவிச்சுக்கு விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. அம்மாவே என்னை அனுப்பி எழுத வைத்தாள் என்பார். தேர்வு மட்டும் இல்லை, எல்லாம் போய்விடும். நீங்கள் என்னை நம்பத்தக்கவள் என்று எழுதுகிறீர்கள். நான் உங்களை நம்பியதால்தான் இது நடக்கிறது.

என் கடிதங்களை எரித்துவிடுங்கள்.

ஒளிநாடாவை அனுப்ப வேண்டாம். அம்மா அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிடட்டும். எல்லோரும் இப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

நேற்று இரவு உணவின்போது அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தாள். வால்ஸ் தாளம். கேட்டுவிட்டேன்: "அம்மா, அந்தத் தூக்கல்ல நிச்சயமா பார்த்தியா?" "பார்த்தேன். அது ஒண்ணுதான் எனக்கு இப்ப நிச்சயம்" என்றாள்.

அதனால் அனுப்புங்கள். இல்லை, தெரியவில்லை. இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன், அடிக்கவும் கை வரவில்லை.

வா.

---

கீரோவ்,
4 டிசம்பர்

வார்யா,

நாடாவைத் தபாலில் போட்டால் தாமதம் ஆகும், ரயில் நடத்துநர் கையில் கொடுக்கிறேன். இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. இன்று மாலை உன் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தை பேசறேன், ஏழாம் பெட்டி, நாளைக் காலை ஆறே முக்கால், நடத்துநர் காலீனா" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார்களா தெரியவில்லை. சொல்லியிருந்தால்தான் இதைப் படிப்பாய்.

கட்டுரையைத் தட்டச்சு செய்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். படித்துப் பார்த்தேன், எழுந்து உருளைக்கிழங்கு வறுத்தேன், மறுபடி படித்தேன். பிறகு கிழித்துவிட்டேன். அதை உன் அம்மா சொல்லலாம். அந்த அர்காதி சொல்லலாம், சொல்ல மாட்டான். நான் சொல்லக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரைப் பக்கம் ஆனது.

ஒளிநாடாவைக் காட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரியாது. காட்டினால் உன் அம்மாவுக்கு நிச்சயமாக இருந்த அந்த ஒன்றும் போய்விடும். காட்டாவிட்டால் தான் செய்யாத கூட்டல் தப்பைச் செய்ததாக எழுதிக் கொடுப்பார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாடாவின் எட்டாவது நிமிடத்தில் வரும் தூக்கல். என் நாடாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

ஜோயா

---

பெர்ம்,
12 டிசம்பர்

ஜோயா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடுவேன்.

பள்ளியில் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் காலையில் வகுப்பு சுத்தம் செய்யும் முறை எனக்கு என்று பொய் சொல்லிவிட்டு ரயில் நிலையம் போனேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர். காலீனா படியிலிருந்தே கூப்பிட்டாள்: "நீதானே அந்தப் பொண்ணு? பேர் கேட்க வேண்டாம், மூஞ்சியே சொல்லுது. என்னடி இதுல, வெடிகுண்டா? கீரோவ்காரி மூணு தடவை சொன்னா, குலுக்காதேன்னு."

நான்கு நாள் அதைப் பள்ளிப் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒன்பதாம் தேதி மாலை அம்மா அந்த இரண்டு வரியை நல்ல தாளில் எழுத உட்கார்ந்தாள். பேனாவில் மை சரியாக வரவில்லை, உதறினாள். நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, எழுதாதே. தூக்கல் நாடா என்கிட்ட இருக்கு."

"எந்த நாடா?"

"எதிர்ப்பக்கத்துலேர்ந்து எடுத்தது. ஆனா நீ நினைக்கற மாதிரி இல்ல அதுல."

எங்கிருந்து வந்தது என்று அவள் உடனே கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நாடாவைப் போட்டாள். தூக்கல் வந்ததும் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி. ஒன்பது முறை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"துணி" என்றாள். "கை இல்ல. துணி."

"ம்."

"பாவம் அந்தப் பையன். ஒண்ணுமே பண்ணலை."

பிறகு நாடாவை முதலிலிருந்து ஓட்டினாள். கீரா–ரோதியோன் முழுதும், லெஸ்யா–யேகோர் முழுதும். முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே பார்த்தாள். முடிந்ததும் பேனாவை எடுத்தாள். கீரா–ரோதியோனுக்கு முதல் மதிப்பெண்ணில் குறைத்த 0.2-ஐத் திருப்பிக் கொடுத்தாள். 5.2, 5.1. லெஸ்யா–யேகோருக்கு 5.1, 5.2. கூட்டினால் இரண்டும் பத்து புள்ளி மூன்று. மொத்தம் சமமானால் இரண்டாவது மதிப்பெண் அதிகம் உள்ளவர்தான் முன்னால் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அப்பவும் லெஸ்யா–யேகோர்தான்" என்றாள். குரலில் சந்தோஷம் எதுவும் இல்லை. "ரோதியோன் கால் அக்கார்டியன் இசைக்குப் பின்னாடியே ஓடுது. மூஞ்சியால மறைக்கறான். நல்லா மறைக்கறான், அதை ஒத்துக்கறேன்."

அதன்பிறகுதான் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை, தபால் நிலையம், உங்கள் பெயர். தொலைபேசியில் கேட்டதையும், அதை உங்களுக்கு எழுதியதையும் சொன்னபோது எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அது கொதித்து விசில் அடித்தும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"என்னைப் பத்தி ஊருக்கு எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அந்த ஃபோன் விஷயத்தையும் நான்தான் எழுதணும். நீ எழுதக் கூடாது. அந்தப் பொண்ணும் எழுதக் கூடாது" என்றாள்.

மூன்று பத்தி எழுதினாள். முதல் பத்தியில், தூக்கல் விஷயத்தில் என் கண் தவறியது, ஜோடியிடம் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று. இரண்டாவதில், கலை மதிப்பெண்ணை மாற்ற மாட்டேன், காரணங்கள் இவை என்று. மூன்றாவதில், போட்டிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு யார் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று. மறுநாள் ஆணையத்தில் நான்கு பேர் முன்னால் அதை நின்றுகொண்டே படித்தாளாம். அர்காதி போரிசோவிச் கேட்டாராம்: "ரிம்மா, முதல் ரெண்டு பத்தி அருமை. மூணாவது அவசியமா?"

"அவசியமில்லைன்னா நீங்க கூப்பிட்டிருக்க வேண்டாமே."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது வாசல் கதவைப் பூட்டியாயிற்றா என்று அவள் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். அவளுக்கும் பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

முடிவு ஜனவரியில். அவள் எழுதியதன் பிரதி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். ஓரத்தில் அம்மாவே எழுதியிருக்கிறாள்: "முழுதாகப் போடுவதானால் போடலாம். வெட்டக் கூடாது."

வார்யா

---

கீரோவ்,
9 ஜனவரி 2000

வார்யா,

முழுதாகப் போட்டேன். வெட்டவில்லை. அதற்கு மேலே என் பங்குக்கு: "சென்ற இதழில் ஐந்தாம் எண் நடுவரைப் பற்றி நான் எழுதியது தவறு. எல்லோரையும் விட்டு விலகி நிற்பதையே குற்றமாகக் கணக்கு வைத்தேன். ஆணையமும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை."

அறுபத்து மூன்று சந்தாதாரர்களில் பதினொரு பேர் விலகிவிட்டார்கள். ஒருவர் தன் கடிதத்தில் நான் கீராவின் முதுகில் குத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பொறியாளர்கள் மூவரும் விலகவில்லை. இந்த முறையும் கூட்டல் தப்பாம்.

அந்த விலகல் கட்டத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உன் அம்மாவின் இரண்டாவது பத்தியை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கால் பின்னால் ஓடுகிறதாம்! டாங்கோவில் ஆண் தாமதிப்பது அழகு. அவன் வேண்டுமென்றே செய்கிறான். இதை அவரிடம் சொல். கீரா–ரோதியோன் மார்ச்சில் இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். நானும் போவேன், கத்துவேன். முன்னைப் போலக் கத்த முடியுமா என்று அங்கே போனால்தான் தெரியும்.

ஜோயா

---

பெர்ம்,
6 பிப்ரவரி 2000

ஜோயா,

முடிவு வந்துவிட்டது. அம்மா இரண்டு வருடத்துக்கு மண்டலப் போட்டி எதிலும் உட்கார முடியாது. வசந்தத் தேர்வு இல்லை. காரணம்: "தூக்கல் விதியைத் தவறாகப் பயன்படுத்தியது." முதல் பத்தியை எடுத்துக்கொண்டார்கள், மூன்றாவது பத்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அர்காதி போரிசோவிச் அதே மேசையில்தான் இருக்கிறார். நடுவர்களில் ஒருவர் மட்டும், பெயர் சொல்லாமல், வீட்டுக்குக் கூப்பிட்டு, "எனக்கும் ஃபோன் வந்தது, ரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா வெகுநேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆணையத்தின் கடிதத்தைப் படித்த இரவு அவள் அழுதாள். சத்தமில்லாமல்தான், ஆனால் எங்கள் சுவர் மெல்லியது. நான் எழுதாமல் இருந்திருந்தால் அவள் இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். இதை மறுநாள் அவளிடமே சொன்னேன். "ஆமா" என்றாள். தொட்டுக்கொள்ள ஊறுகாய் வெள்ளரிக்காய் எடுத்துவரச் சொன்னாள்.

ஊர்ப் போட்டிகளுக்குத் தடை இல்லை. நேற்று பத்து வயதுக்குள்ளானவர்களுக்கான போட்டி. மதிப்பெண் பலகை வேலை செய்யவில்லை, ஐந்து நடுவர்களும் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு ஜோடி, ஒன்பது வயது, போல்கா ஆடியது. நடுவில் பையன் தாளத்தைத் தவறவிட்டான். நின்றுவிட்டான். சிறுமி அவன் கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, "ம், ம், ம்" என்று தலையை ஆட்டி அவனை உள்ளே இழுத்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மீதி முழுதும் சிரித்துக்கொண்டே ஆடினார்கள்.

இரண்டாவது மதிப்பெண். 3.9. 3.8. 4.0. 3.9. அம்மா 3.2.

பெற்றோர் எல்லோரும் ஊளையிட்டார்கள். பின்னால் ஒரு ஆள் கத்தினான்: "ஓரத்து அம்மா, கண்ணாடியைத் துடைங்க!" அம்மா அட்டையை இறக்கவில்லை. எழுதுபவர் எழுதி முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது டிராமில் ஏறினோம். இரண்டு நிறுத்தம் கழித்து அவளே கேட்டாள்.

"என்ன, நீயும் ஊளையிட்டியா?"

"இல்ல. ஆனா 3.2 தப்பு."

"ஒரு சுற்று முழுக்கத் தாளமே இல்ல வார்யா."

"தாளம் போச்சு. திரும்ப எடுத்தாங்க இல்ல? எடுத்ததுக்கு அப்புறம் முன்னைவிட நல்லா ஆடினாங்க. அதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நீயா இருந்தா எவ்வளவு போடுவே?"

"நாலு."

பக்கத்தில் மீன் பையோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஏன்னு சொல்லு. சிரிச்சாங்கன்னு சொல்லாதே. கால்ல என்ன பார்த்தே, அதைச் சொல்லு."

சொன்னேன். எங்கள் நிறுத்தம் போய்விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் விளக்கை அணைத்து, "பெண்களே, இறங்குங்க, டிப்போவுல பனி கிடையாது" என்றார். திரும்பி நடக்கும்போதும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

வார்யா